அத்தி பூப்பதும் சந்தனம் வாழ்வதும்

அரிதாக நிகழ்வதை ‘அத்தி பூத்தாற்போல’ என்று கூறுகிறோம். உண்மையில் அத்தி அரிதாகப் பூப்பதன்று. அதன் பூக்கள் நம் கண்ணிற் படுவதில்லை என்பதே செய்தி. நாம் காய் என எண்ணும் உருண்டையின் உட்புறத்திலேயே எண்ணற்ற சிறு பூக்கள் மலர்கின்றன. அதன் நுண்ணிய வாயில் வழியே நுழையும் சின்னஞ்சிறு குளவியே மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கிறது.

இத்தகைய மறைவாழ்வைத் திரைப்படங்கள் இன்று நம் வீட்டுக்கூடத்திற்கே கொணர்ந்துவிட்டன. டேவிட் அட்டன்பரோ பி.பி.சி. வாயிலாக 1995இல் வழங்கிய ‘தி பிரைவேட் லைஃப் ஆஃப் பிளான்ட்ஸ்’, 2022இல் வழங்கிய ‘தி கிரீன் பிளானட்’ ஆகிய தொடர்கள் இவ்வகையின. மணிக்கு ஒரு படமாக எடுத்து, நொடிக்கு 24 படங்களாக ஓட்டினால், ஒரு நாள் ஒரே நொடியில் கடந்துவிடும். அசையாது நிற்பதாக நாம் எண்ணிய கொடி, பற்றுக்கோலைத் தேடிச் சுழன்று துழாவுவதைக் காண்கிறோம். நம் நாட்டு அறிஞர் ஜகதீச சந்திர போஸ் (1858–1937), கிரெஸ்கோகிராப் என்னும் கருவியால் செடியின் நுண்வளர்ச்சியைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டியதும் இவ்வழியிலன்றோ?

இவ்வியப்பிற்குத் தொலைநாட்டுக் காடுகளே வேண்டும் என்பதில்லை. தருமபுரி மாவட்டச் சித்தேரி மலையின் சந்தன மரத்தை நோக்குவோம். பசிய இலைகளால் அது தன் உணவைத் தானே ஆக்குகிறது. எனினும் மண்ணுக்கடியில் அயல் மரங்களின் வேர்களைப் பற்றி, நீரையும் தாதுக்களையும் பெறுகிறது. துணையின்றித் தனித்து நட்ட சந்தனம் செழிப்பதில்லை. கனியை உண்ணும் பறவைகளே விதையைப் பரப்புகின்றன. மணமுள்ள வைரக்கட்டை உருவாகவோ பல்லாண்டுகள் ஆகும்.

இம்மரத்தை உயிராகக் காணாது விலையாக மட்டும் கண்டதன் விளைவை அம்மலையடிவாரம் அறியும். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி வாச்சாத்தியில் புகுந்த அரசுப் பணியாளர்கள், அங்குள்ள பழங்குடி மக்களுக்கு, சிறப்பாகப் பெண்களுக்கு, பெருங்கொடுமை இழைத்தனர். 2011இல் தருமபுரி நீதிமன்றம் தண்டனை விதித்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. மரத்தையும் அதன் அயலில் வாழ்வோரையும் பிரித்துக் காணும் கண் குருட்டுக் கண்ணே.

ஆதலின் பெற்றோரே, இப்படங்களைப் பிள்ளைகளோடு அமர்ந்து காணுங்கள். பின்னர் அவர்களைக் கொல்லைப்புறத்து அவரைக்கொடியருகே அழைத்துச் செல்லுங்கள். கொடி நுனிக்கு நேரே ஓர் அடையாளமிட்டு, மணிக்கொரு முறை பார்த்துவரச் சொல்லுங்கள். நுனி திசை மாறியிருப்பதைத் தம் கண்ணாலேயே காண்பர். மலையிலிருந்து நெல்லிக்காய் கொணரும் முதியவர் வாயிலில் வந்து நின்றால், விலையை மட்டும் பேசி அனுப்பிவிடாதீர்கள். அம்மரங்களைப் பற்றி அவரிடம் கேட்டறியப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.