நிலத்தடிநீர் மாதிரி நிரல்: நிறுவுதலும் அமைத்தலும்

நிலத்தின் அடியில் நீர் எவ்வாறு நகர்கிறது என்பதைக் கணிப்பொறியில் எண்களாகக் கட்டிக் காட்டும் நிரல்களுள் உலகெங்கும் பரவலாகக் கையாளப்பெறுவது மோட்ஃப்ளோ ஆகும். அமெரிக்க நிலவியல் அளவாய்வுத் துறையைச் சேர்ந்த மைக்கேல் மக்டொனால்டு, ஆர்லன் ஹார்பா ஆகிய இருவர் இதனை ஃபோர்ட்ரான் மொழியில் எழுதினர். 1984இல் முதல் வடிவம் வெளிவந்தது. 1988இல் பலரும் அறிந்த கையேட்டுடன் அது நிலைபெற்றது. பின்னர் 1996, 2000, 2005 ஆகிய ஆண்டுகளின் எண்களைத் தாங்கிய பதிப்புகள் தோன்றின. 2017இல் மோட்ஃப்ளோ 6 வெளியிடப்பெற்றது. இந்நிரல் மூலவரிகளுடன் விலையின்றிக் கிடைக்கிறது. இதனைக் கணிப்பொறியில் நிறுவும் முறையையும், நிறுவியபின் ஒரு நிலப்பகுதிக்கு ஏற்ப அமைக்கும் முறையையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

மொழியாய்வு இதழொன்றில் இப்பொருள் இடம்பெறுவதற்கு ஒரு காரணம் உண்டு. மோட்ஃப்ளோ தனக்கு வேண்டிய செய்திகளை எளிய எழுத்துக் கோப்புகளிலிருந்து படித்துக்கொள்கிறது. அக்கோப்புகளுக்கெனச் சொற்களும் தொடரமைப்பும் உள்ளன. ஒரு தொடர் பொருள் தருவதற்கு அவாய்நிலை, தகுதி, அண்மை ஆகிய மூன்றும் வேண்டும் என்பது நம் இலக்கண, தருக்க மரபு. ‘நெருப்பினால் நனைத்தான்’ என்னும் தொடரில் அவாய்நிலையும் அண்மையும் உண்டு, தகுதி இல்லை. மோட்ஃப்ளோ முதலாவதையும் மூன்றாவதையும் கண்டிப்புடன் சோதிக்கிறது. ஒரு திறவுச்சொல்லை எழுத்துப் பிழையுடன் எழுதினால், எந்தக் கோப்பில் என்று சுட்டி நின்றுவிடும். தகுதியை அது பெரும்பாலும் சோதிப்பதில்லை. நெருப்பினால் நனைக்கச் சொன்னால் நனைத்துவிட்டு, பணி இயல்பாக முடிந்தது என்று திரையில் அறிவிக்கும்.

நிறுவுதல்

கீழே வரும் கோப்புப் பெயர்களும் கட்டளைகளும் ஒலிபெயர்ப்பில் தரப்பட்டுள்ளன. கணிப்பொறியில் அவற்றை உரோமன் எழுத்தில் தட்டச்சிட வேண்டும்.

விண்டோஸ் கணிப்பொறிக்குரிய மோட்ஃப்ளோ 6, சுருக்கப்பட்ட ஒரே கோப்பாகக் கிடைக்கிறது. லினக்ஸ், மேக் இயங்குதளங்களுக்கும் தனித்தனி வடிவங்கள் உண்டு. நிறுவி என்று தனியே ஒன்றும் இல்லை. சுருக்கத்தை விரித்து ஒரு கோப்புறையில் வைத்தலே நிறுவுதல். அக்கோப்புறை சி வட்டின் மேல்நிலையிலேயே, குறுகிய பெயருடன், இடைவெளியின்றி உரோமன் எழுத்தில் அமைவது நன்று. இடைவெளியோ தமிழ் எழுத்தோ உள்ள பாதைகளைப் பழைய துணைநிரல்கள் சில சரிவரப் படிக்கமாட்டா. கணிப்பொறியின் பயனர் பெயரே தமிழில் இருப்பவர்கள் ‘ஆவணங்கள்’ பகுதியைத் தவிர்ப்பது பாதுகாப்பானது.

விரித்த கோப்புறையில் பின், டாக், எக்ஸாம்பிள்ஸ், எஸ்ஆர்சி முதலிய உட்பிரிவுகள் காணப்படும். இயங்கும் நிரலாகிய எம்எஃப்6 பின் என்பதனுள் உள்ளது. எந்த இடத்திலிருந்து அழைத்தாலும் நிரல் இயங்குவதற்கு, பின் கோப்புறையின் முகவரியை இயங்குதளத்தின் பாதைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பிறகு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, மாதிரியின் கோப்புகள் உள்ள இடத்துக்குச் சென்று, எம்எஃப்6 என்று தட்டினால் போதும். அப்படியொரு கட்டளையே இல்லை என்று இயங்குதளம் சொன்னால் பிழை பாதைப் பட்டியலில் உள்ளது. எம்எஃப்சிம்.நாம் என்னும் கோப்பு இல்லை என்று நிரலே சொன்னால், நிறுவுதல் சரி. நாம் நிற்கும் கோப்புறைதான் தவறு. புதியவர் பலர் இரண்டாவது செய்தியைக் கண்டு முழுவதையும் அழித்து மீண்டும் நிறுவுகின்றனர். அது தேவையற்றது.

கோப்புகளைக் கையால் எழுத விரும்பாதவர்க்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, அதே துறை வெளியிடும் மாடல்மியூஸ் என்னும் வரைபட இடைமுகம். மற்றொன்று, பைத்தான் மொழிக்குரிய ஃப்ளோப்பை என்னும் தொகுப்பு. இவை உள்ளீட்டுக் கோப்புகளை எழுதி மோட்ஃப்ளோவை அழைக்கும் இடையாட்களே. கணக்கைப் போடுவது எம்எஃப்6தான். ஆகவே ஃப்ளோப்பையை நிறுவியபின், கெட்-மோட்ஃப்ளோ என்னும் அதன் துணைக் கட்டளையால் இயங்குநிரலையும் தருவித்துக்கொள்ள வேண்டும். மாடல்மியூஸுக்கும் எம்எஃப்6 எங்குள்ளது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

சோதித்தல்

நிறுவியவுடன் சொந்த மாதிரியில் இறங்குதல் கூடாது. 1988ஆம் ஆண்டுக் கையேட்டிலிருந்து வழிவழியாக வரும் எடுத்துக்காட்டு ஒன்று எக்ஸாம்பிள்ஸ் கோப்புறையில் உள்ளது. பக்கத்துக்கு 75,000 அடி கொண்ட சதுர நிலம் 15 வரிசைகளாகவும் 15 நிரல்களாகவும் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கட்டமும் 5,000 அடிச் சதுரம். மூன்று நீர்த்தாங்கிகளும் அவற்றுக்கிடையே நீரை எளிதில் விடாத இரண்டு படுகைகளும் உள்ளன. மேற்குப் பக்கத்து முதல் நிரலில், மேலிரு நீர்த்தாங்கிகளில், நீர்மட்டம் மாறாது நிறுத்தப்பட்டுள்ளது. 15 கிணறுகள், ஒவ்வொன்றும் நொடிக்கு 5 கன அடி இறைக்கின்றன. மழையிலிருந்து நிலத்துள் இறங்கும் நீர்ச்செறிவு நொடிக்கு 0.00000003 அடி, ஆண்டுக் கணக்கில் சற்றேறக்குறைய 288 மில்லிமீட்டர்.

இதன் விடையைத் தாளிலேயே ஓரளவு கணக்கிட முடியும் என்பது இவ்வெடுத்துக்காட்டின் சிறப்பு. மட்டம் நிறுத்தப்பட்ட நிரலை நீக்கினால் நீர்ச்செறிவு பெறும் கட்டங்கள் 210. ஒவ்வொன்றின் பரப்பும் 2.5 கோடிச் சதுர அடி. பெருக்கினால் உள்வரவு நொடிக்கு 157.5 கன அடி. கிணறுகள் எடுப்பது 75. எஞ்சும் 82.5 கன அடி வடிகால் வழியாகவும் மேற்கு எல்லை வழியாகவும் வெளியேற வேண்டும். நிரல் எழுதித் தரும் பட்டியல் கோப்பின் நீர்க்கணக்கில் இவ்வெண்கள் வருமாயின் நிறுவுதல் முற்றுப்பெற்றது எனக் கொள்ளலாம்.

அதே எடுத்துக்காட்டைக் கொண்டு நிரலின் இயல்பையும் அறியலாம். கிணறுகளின் எண்கள் கோப்பில் எதிர்க்குறியுடன் உள்ளன. மோட்ஃப்ளோவில் எதிர்க்குறி நீர் எடுத்தலையும் நேர்க்குறி நீர் செலுத்தலையும் குறிக்கும். அக்குறிகளை நீக்கிவிட்டு நிரலை மீண்டும் இயக்கிப் பார்க்க வேண்டும். உள்வரவு 232.5 ஆக உயரும். வெளிச்செலவும் அதற்கு ஈடாகும். கணக்கு ஒத்துவரும். பணி இயல்பாக முடிந்தது என்னும் அதே செய்தி வரும். 15 இறைப்புக் கிணறுகள் 15 நீரூட்டுக் கிணறுகளாக மாறியதைப் பற்றி எச்சரிக்கை எதுவும் இராது. வரவுக்கும் செலவுக்கும் இடையே காட்டப்படும் வேறுபாட்டு விழுக்காடு சமன்பாடுகள் சரிவரத் தீர்க்கப்பட்டனவா என்பதை மட்டுமே கூறும். அறிக்கைகள் சிலவற்றில் அவ்விழுக்காடு மாதிரியின் நம்பகத்துக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. அது பொருந்தாது.

அமைத்தல்

அமைத்தலில் முதன்மையானது அலகு. நீளம், காலம் ஆகியவற்றின் அலகுப் பெயரை எழுதக் கோப்புகளில் இடம் உண்டு. அப்பெயரைக் கண்டு நிரல் எண்களை மாற்றிக்கொள்ளும் எனப் பலர் நம்புகின்றனர். மேற்கூறிய எடுத்துக்காட்டில் காலத்தின் அலகை ‘நொடி’ என்பதிலிருந்து ‘நாள்’ என்று மாற்றினாலும் நீர்மட்டங்கள் இம்மியும் மாறமாட்டா. அப்பெயர் வெளியீட்டில் அச்சிடுவதற்கான முத்திரையே. எல்லா எண்களையும் ஒரே அலகில் தருவது நம் பொறுப்பு.

இந்தியச் சூழலில் இது எளிதன்று. மழை மில்லிமீட்டரிலும், நீர்கடத்து திறன் நாளுக்கு மீட்டரிலும், இறைப்பு நிமிடத்துக்கு லிட்டரிலும் நமக்கு வந்து சேர்கின்றன. ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் நீர்ச்செறிவு என்பது நாளுக்கு 0.000274 மீட்டர். நொடிக்கு 0.0001 மீட்டர் நீர்கடத்து திறன் என்பது நாளுக்கு 8.64 மீட்டர், நல்ல மணற்படுகைக்குரிய அளவு. முந்தைய எண்ணை நாள் அலகில் அமைந்த மாதிரியில் அப்படியே எழுதினால் மணல் களிமண்ணாகிவிடும். இறைப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. நிமிடத்துக்கு 200 லிட்டர் தரும் மின்னிறைப்பி, மின்சாரம் கிடைக்கும் 6 மணி நேரம் மட்டும் ஓடினால் நாளுக்கு 72 கன மீட்டர் எடுக்கிறது. இறைப்பியின் திறனை மட்டும் கொண்டு கணக்கிட்டால் 288 கன மீட்டர் வரும். ஒரு வட்டாரத்தின் கிணறுகள் அனைத்திலும் இந்த நான்கு மடங்கு பெருகினால் விளைவு எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது நீர்த்தேக்கம். காலப்போக்கில் மட்டம் மாறுவதைக் காட்டும் மாதிரியில், ஒவ்வொரு கட்டமும் திறந்த நீர்த்தாங்கியாக நடந்துகொள்ளலாமா என்பதை ஒரு குறியெண்ணால் சொல்ல வேண்டும். சுழியம் இட்டால், பாறைத் துளைகளிலிருந்து வடியும் நீர் கணக்கில் வராது. அழுத்தம் குறைவதால் வெளிப்படும் சிறிதளவு நீர் மட்டுமே கணக்கில் சேரும். தென்னிந்தியக் கடும்பாறைப் பகுதிகளில் சிதைந்த பாறை வடியவிடும் நீர் அதன் பருமனில் ஏறத்தாழ 1 முதல் 4 விழுக்காடு. 2 விழுக்காடு எனக் கொண்டு, 30 மீட்டர்ப் படுகையில் மீட்டருக்கு 0.00001 என்னும் அழுத்தத் தேக்க எண்ணுடன் ஒப்பிட்டால், இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 67 மடங்கு வேறுபாடு. ஒரே ஓர் இலக்கத்தின் பிழையால் கிணறுகள் கணிப்பொறியில் ஒரே பருவத்தில் வற்றிவிடும்.

இவ்வகைப் பிழைகள் விடையைக் கண்டவுடன் ஐயம் எழுப்பக்கூடியவை. எல்லையில் நேரும் பிழை அவ்வாறன்று. நம் நாட்டில் நிலத்தடிநீர் மதிப்பீடு வட்டாரம், வட்டம், குறுவட்டம் ஆகிய ஆட்சிப் பிரிவுகளின்படி நடைபெறுகிறது. 2015ஆம் ஆண்டு மதிப்பீட்டுக் குழுவின் நெறிமுறைப்படி, எடுக்கத்தக்க நீரில் 70 விழுக்காடு வரை எடுக்கும் பிரிவு பாதுகாப்பானது. 90 வரை பகுதி நெருக்கடி. 100 வரை நெருக்கடி. அதற்கு மேல் மிகைச் சுரண்டல். அம்மதிப்பீடு ஆண்டுக் கணக்கில் போடப்படும் வரவு செலவே. அதற்கு மோட்ஃப்ளோ தேவையில்லை. ஆனால் மாதிரி செய்வோர் அதே ஆட்சி எல்லையை எடுத்துக்கொண்டு, சுற்றிலும் மாறா நீர்மட்டம் என்று எழுதிவிடுகின்றனர். நிலத்தடிநீருக்கு வட்டத்தின் எல்லைக்கல் தெரியாது. மாறா மட்டம் என்று எழுதிய கட்டம், கேட்ட அளவு நீரைக் கேட்ட போதெல்லாம் தரும். எல்லைக்கு அருகில் கிணறுகளை இரட்டிப்பாக்கினாலும் மட்டம் சிறிதே இறங்கும். இன்னும் இறைக்கலாம் என்று மாதிரி கூறும். அந்நீர் எங்கிருந்து வந்தது என்பதைப் படம் காட்டாது. அவ்விடையை நம்பி ஆழ்துளைக் கிணறு இடுபவன் கடன் வாங்கித் துளையிடும் உழவன்.

இதனைக் கண்டறியும் வழி பட்டியல் கோப்பிலேயே உள்ளது. இறைப்பைக் கூட்டி இயக்கும்போது நீர்க்கணக்கில் மாறா மட்டக் கட்டங்களின் உள்வரவு எவ்வளவு கூடுகிறது என்று பார்க்க வேண்டும். கூடுதல் இறைப்பின் பெரும்பங்கு அங்கிருந்து வருமாயின், அங்கே உண்மையில் ஆறோ ஏரியோ கடலோ இருக்க வேண்டும். இல்லையெனில் எல்லையை நீர்பிரி மேட்டுக்கோ பெரிய ஆற்றுக்கோ நகர்த்தி மாதிரியை விரிவாக்குவதே முறை. வட்டத்துக்குரிய கணக்கைப் பின்னர் அதிலிருந்து தனியே பிரித்துக்கொள்ளலாம்.

தீர்வு ஒருங்காமல் நின்றுவிடும்போது, ஒருங்குவதற்கான எல்லை மதிப்பைத் தளர்த்தி ஒப்பேற்றும் வழக்கமும் உண்டு. வறண்டுபோகும் கட்டங்களால் அது நேர்ந்திருந்தால் நியூட்டன் முறையைத் தேர்வது தக்கது. ஏனைய வேளைகளில் உள்ளீட்டை மீண்டும் படிக்க வேண்டும்.

உள்ளீட்டுக் கோப்புகளில் குறிப்பு வரிகளுக்கு இடம் உண்டு. அவற்றை நிரல் படிக்காமல் தாண்டிச் செல்லும். ஒவ்வோர் எண்ணின் அருகிலும் அது எந்த அலகில், எந்தக் கிணற்றுச் சோதனையிலிருந்து, எந்த ஆண்டில் பெறப்பட்டது என்று எழுதி வைப்பின், மாதிரியை அடுத்துக் கையாள்பவர் தகுதியைச் சோதிக்க முடியும். தமிழில் எழுத விரும்புவோர் அக்குறிப்புகளைத் தனிக்கோப்பில் எழுதி, பதிப்பெண்ணையும் சேர்த்து, அதே கோப்புறையில் வைக்கலாம்.