சாளரம் பேணுதல்

இல்லத்திற்குச் சுவர்கள் உடலாயின், சாளரங்கள் அதன் கண்கள் ஆகும். ஒளி புகுவதும் காற்று உலவுவதும் அவற்றின் வழியேதான். பழந்தமிழர் சாளரத்தைக் 'காலதர்' என்று வழங்கினர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழி என்பதே அச்சொல்லின் பொருள். பல கண்களை உடையது என்னும் பொருளில் 'பலகணி' என்னும் பெயரும் அதற்கு உண்டு. இன்று யாவரும் வழங்கும் 'சன்னல்' என்னும் சொல், போர்ச்சுகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. பெயர் எதுவாயினும் சாளரத்தின் தொழில் இரண்டே. வேண்டும்போது திறத்தல் ஒன்று. வேண்டும்போது மூடுதல் மற்றொன்று. இவ்விரண்டில் ஒன்றைச் செய்ய இயலாத சாளரம், பார்வைக்கு அழகாக இருப்பினும், பழுதுற்ற சாளரமே.

சாளரம் பழுதுற்றால் பலர் என்ன செய்கின்றனர்? இறுகிய கதவை ஆணி அடித்து மூடிவிடுகின்றனர். உடைந்த கண்ணாடியின் இடத்தில் அட்டையை ஒட்டுகின்றனர். கிழிந்த கொசுவலையைக் கண்டும் காணாதவர்போல் இருந்துவிடுகின்றனர். அதனால் அறை இருள்கிறது. சுவரில் ஈரம் தங்குகிறது. அடுப்புப் புகை வெளியேற வழியின்றி உள்ளேயே சூழ்கிறது. தொடக்கத்தில் ஒரு திருகாணியால் தீரக்கூடிய குறை, சில ஆண்டுகளில் கதவையே மாற்றவேண்டிய செலவாக வளர்கிறது. சிறு பழுதுகளை நீக்கத் தச்சரின் வரவை எதிர்நோக்க வேண்டுவதில்லை. அவற்றுட் பலவற்றை இல்லத்தாரே நீக்கலாம். அதற்கு முதலில் வேண்டுவது கருவி அன்று. பழுதின் காரணத்தைக் கண்டறியும் அறிவே ஆகும்.

இறுகிய கதவு

மரச் சாளரத்தின் பழுதுகளுக்குப் பெரும்பாலும் நீரே காரணம். மரம் வெட்டப்பட்டுப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரும், காற்றிலுள்ள ஈரத்தை வாங்கும். வெயில் நாளில் அதனை வெளிவிடும். ஈரத்தை வாங்கும்போது பருக்கும், விடும்போது சுருங்கும். மரத்தின் நார் ஓடும் நெடுக்கில் இம்மாற்றம் மிகமிகச் சிறிது; குறுக்கில்தான் அது பெரிது. ஆகவே, கோடையில் எளிதாக அசைந்த கதவு, ஐப்பசி மழையில் அகலத்தில் பருத்து நிலையோடு இறுகிக்கொள்கிறது.

கதவு இறுகிய உடனே இழைப்புளியை எடுத்துச் சீவுதல் நன்றன்று. மழைக்காலத்தில் மிகுதியாகச் சீவிய கதவு, கோடையில் சுருங்கிய பின் இடைவெளி விட்டு ஆடும். ஆதலால் முதலில் கீல்களை நோக்குதல் வேண்டும். மேற்கீலின் திருகாணிகள் தளர்ந்திருந்தால், கதவு தன் எடையால் சாய்ந்து, அதன் கீழ்மூலை அடிக்கட்டையில் உராயும். கதவின் விளிம்பைக் கையால் மெல்ல மேலே தூக்கினால் உண்மை விளங்கும். கீல் அசையுமாயின் குறை மரத்தில் இல்லை, திருகாணியில் உள்ளது.

திருகாணி தளர்வது ஏன்? அது பற்றியிருந்த துளை விரிந்துவிட்டமையால். திருகாணியைக் கழற்றி, மூங்கிற் சிம்புகளில் மரப்பசையைத் தோய்த்துத் துளையில் இறுகச் செருக வேண்டும். பசை காய்ந்தபின் வெளியே நீண்டிருப்பதை நறுக்கிவிட்டு, திருகாணியை மீண்டும் முடுக்கினால் அது உறுதியாகப் பற்றும். துருவேறிய திருகாணியை நீக்கி, அதே நீளமுள்ள புதியதை இடுதல் நலம்.

கீல் செம்மையாக இருந்தும் கதவு இறுகுமாயின், நிலையின் உட்புறத்தில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக் கதவை ஒருமுறை மூடித் திறக்க வேண்டும். உராயும் இடத்தில் மட்டும் கதவின்மீது வெண்மை படியும். மழை ஓய்ந்து மரம் உலர்ந்தபின் அவ்விடத்தில் மட்டும், நார் ஓடும் திசையில், சிறிது சிறிதாகச் சீவவேண்டும். சீவிய இடத்தில் வண்ணம் பூசாமல் விடுதல் பெரும்பிழை. காப்பற்ற மரம் அடுத்த மழையில் முன்னிலும் விரைவாக நீரைக் குடித்து, மீண்டும் இறுகும்.

இற்றுப்போன மரம்

சாளரக் கதவின் அடிச்சட்டமும் நிலையின் அடிக்கட்டையும் முதலில் இற்றுப்போவதை யாவரும் கண்டிருப்பர். மழைநீர் வழிந்து வந்து தேங்கும் இடம் அதுவே. மரத்தை இறச்செய்வது நீர் மட்டும் அன்று. நீரைத் துணைக்கொண்டு வளரும் பூஞ்சை ஆகும். உலர்ந்த மரத்தின் எடையை நோக்க, அதிலுள்ள ஈரம் ஏறத்தாழ 20 விழுக்காட்டிற்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளர இயலாது. எனவே மரத்தை உலர்வாக வைத்திருப்பவர், பூஞ்சைக்கு உணவிருந்தும் உண்ண இயலாதபடி செய்பவர் ஆவர். தேக்கின் வயிரத்தில் இயற்கையாகவே உள்ள எண்ணெய்ப் பொருள்கள் பூஞ்சையையும் கறையானையும் நெடுங்காலம் எதிர்த்து நிற்கும். வயிரம் பாயாத வெளிப்பகுதிக்கு அவ்வாற்றல் இல்லை.

இற்ற இடத்தின் அளவைக் கண்ணால் அறிய இயலாது. மேலே வண்ணம் நன்றாக இருக்க, உள்ளே மரம் பஞ்சுபோல் ஆகியிருத்தல் உண்டு. குத்தூசியால் ஆங்காங்கே அழுத்திப் பார்க்க வேண்டும். ஊசி எளிதாக இறங்கும் இடமெல்லாம் இற்ற இடமே. உளியால் அப்பகுதி முழுவதையும், நல்ல மரம் தோன்றும் வரையில் நீக்குதல் வேண்டும். குழி சிறிதாயின் மரத்தூளும் பசையும் கலந்து அடைக்கலாம். பெரிதாயின் அதே வகை மரத்துண்டு ஒன்றை அளவாக அறுத்து, நார் ஒரே திசையில் ஓடுமாறு பதித்து ஒட்டவேண்டும். ஈரம் உலராமல் அடைத்தால், நோயை உள்ளே வைத்துப் புண்ணை மூடியதுபோல் ஆகும்.

இவ்வளவும் செய்து, நீர் தேங்குவதைத் தடுக்காவிடின் பயன் என்ன? அடிக்கட்டை வெளிப்புறம் சரிந்திருக்க வேண்டும். அதன் அடிப்பக்கத்தில், வெளிவிளிம்பை ஒட்டி நெடுகிலும் ஒரு சிறு காடி இருத்தல் வேண்டும். வழிந்து வரும் நீர் அக்காடியைக் கடக்க மாட்டாமல் அங்கேயே துளித்துளியாகச் சொட்டிவிடும், சுவரை அடையாது. பழைய இல்லங்களில் இக்காடி வண்ணத்தாலும் புழுதியாலும் அடைபட்டிருத்தல் உண்டு. அதைச் சுரண்டித் தூய்மை செய்வது கால் மணி நேர வேலை. அதனால் காக்கப்படுவதோ சுவரும் சாளரமும் ஆகும்.

உடைந்த கண்ணாடி

கண்ணாடியை மாற்றுதல் பெரியவர் துணையோடு செய்யத்தக்கது. தடித்த கையுறை, காலணி, கண்காப்பு ஆகிய மூன்றும் அணியாமல் உடைந்த கண்ணாடியைத் தொடலாகாது. விரிசலின்மீது ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டால் சில்லுகள் சிதறா. மேலிருந்து கீழாகத் துண்டுகளை நீக்கவேண்டும். கீழே முதலில் நீக்கினால் மேலுள்ளவை கைமீது விழக்கூடும். நீக்கிய துண்டுகளைத் தடித்த தாளிலும் அட்டையிலும் பொதிந்து, 'கண்ணாடி' என்று மேலே எழுதிக் குப்பைக்கு அளித்தல் கடமை. அப்பொதியை அடுத்து எடுப்பது தூய்மைப் பணியாளர் ஒருவரின் கை என்பதை மறத்தல் கூடாது.

பின்னர்க் காடியிலுள்ள பழைய மக்கையும் சிற்றாணிகளையும் நீக்கி, காடியின் நீள அகலங்களை அளக்க வேண்டும். புதுக் கண்ணாடி அவ்வளவினும் எல்லாப் பக்கங்களிலும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் குறைவாக இருத்தல் வேண்டும். மரம் பருக்கும் இயல்புடையது. கண்ணாடி வளையும் இயல்பற்றது. இடைவெளியின்றிப் பொருத்திய கண்ணாடி அடுத்த மழையிலேயே விரிசல் காணும்.

கண்ணாடியைப் பற்றி நிறுத்தும் மக்கு, சுண்ணக்கட்டித் தூளையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்து செய்வது. அது நீர் உலர்வதுபோல் உலர்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. ஆதலால் அது கெட்டிப்பட ஓரிரு வாரங்கள் ஆகும். காடியில் முதற்பூச்சுப் பூசிய பிறகே மக்கு வைக்க வேண்டும். அன்றேல் உலர்ந்த மரம் எண்ணெயை உறிஞ்சிவிட, மக்கு வெடித்து உதிரும். காடியில் மெல்லிய மக்குப் படுகை இட்டு, அதன்மேல் கண்ணாடியை விளிம்புகளில் அழுத்திப் பதித்து, சிற்றாணிகளால் நிறுத்தி, வெளிப்புறம் சரிவாக மக்கைத் தீற்ற வேண்டும். அது இறுகியபின் பூசும் வண்ணம், கண்ணாடியின்மீதும் ஒரு நூலளவு படியுமாறு செய்தால், நீர் நுழைய வழி இராது.

வண்ணத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய எண்ணெய் வண்ணங்களில் ஈயம் கலந்திருத்தல் உண்டு. ஈயத்தூள் சிறுவரின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு ஆகும். இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயம், பத்து இலட்சத்தில் 90 பங்கிற்கு மேல் இருத்தலாகாது என்னும் விதி 2016-ஆம் ஆண்டு வெளியிடப்பெற்று, 2017-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய வண்ணத்தை உலர்வாகத் தேய்த்தல் ஆகாது; நீர் தெளித்து நனைத்துத் தேய்த்து, கழிவை ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அவ்வேளையில் குழந்தைகளை அருகில் விடுதல் கூடாது.

கிழிந்த வலை

சாளரத்தின் கொசுவலை அற்பமான பொருள் அன்று. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை 1897-ஆம் ஆண்டு செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். கொசுவைத் தடுத்தால் காய்ச்சலைத் தடுக்கலாம் என்பதை மெய்ப்பிக்க, 1900-ஆம் ஆண்டு சாம்பன், லோ என்னும் மருத்துவர்கள் துணைவருடன் இத்தாலி சென்றனர். மலேரியா மிகுந்த, உரோமை நகருக்கு அண்மைச் சதுப்பு நிலத்தில் ஒரு குடில் அமைத்தனர். அதன் கதவுகளுக்கும் சாளரங்களுக்கும் கம்பிவலை பொருத்தினர். கோடை தொடங்கிப் பல திங்கள் அங்கே வாழ்ந்தனர். அந்தி சாயுமுன் உள்ளே சென்று, கதிரவன் தோன்றிய பின்னரே வெளியே வந்தனர். காய்ச்சலைத் தடுக்கும் மருந்து எதனையும் உட்கொள்ளவில்லை. அண்டை மக்கள் பலர் காய்ச்சலில் வருந்த, குடிலில் இருந்தோர் ஒருவரும் நோயுறவில்லை. அவர்களைக் காத்தது அவ்வலையே ஆகும்.

ஆயினும் வலையில் ஒரு துளை இருந்தால் கொசுவிற்கு அதுவே வாயில். கம்பிவலையில் துளை விழுந்தால், அதனினும் ஒவ்வொரு பக்கமும் இரண்டு விரற்கடை பெரிதாக அதே வலையில் ஒரு துண்டை நறுக்க வேண்டும். துண்டின் ஓரக் கம்பிகள் சிலவற்றை உருவிவிட்டு, எஞ்சிய முனைகளை மடக்கி, வலையில் செருகி, மறுபுறம் வளைத்துவிட்டால் போதும். நைலான் வலையாயின் ஊசி நூலால் தைத்துவிடலாம். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசு பகலில் கடிப்பது. ஆதலால் இரவில் மட்டும் வலையை மூடுவது போதாது.

காற்றும் தாழ்ப்பாளும்

மூடவேண்டிய நேரத்தில் மூடாத சாளரம் பெருந்தீங்கு விளைத்தல் உண்டு. கடும்புயல் வீசும்போது, காற்று எதிர்ப்படும் பக்கத்துச் சாளரம் திறந்துகொண்டால், உட்புகுந்த காற்று கூரையை உள்ளிருந்து மேலே தள்ளும். அதே நேரத்தில் கூரையின்மேல் விரைந்தோடும் காற்று அதனை வெளியிலிருந்து இழுக்கும். இவ்விரு விசைகளும் சேரும்போது ஓடும் தகடும் பறக்கின்றன. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயலைக் கண்டவர், காற்றின் வலியை நன்கு அறிவர். ஒரு தாழ்ப்பாளின் தளர்ந்த ஆணியை இறுக்குதல் எவ்வளவு சிறிய வேலை! அதனைச் செய்யாமையால் விளையும் இழப்போ பெரிது.

மாடியின் வெளிப்புறத்தில் ஏறிச் செய்யவேண்டிய பணியையும், நிலையே சுவரிலிருந்து பெயர்ந்த நிலையையும், கறையான் மண்புற்றுக் கட்டி உட்புகுந்த மரத்தையும் தொழில் அறிந்தவரிடமே ஒப்படைத்தல் வேண்டும். தன்னால் இயன்றது இது, இயலாதது இது என்று பகுத்தறிதலும் திறமையின் ஒரு பகுதியே.

ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், புரட்டாசித் திங்களில் ஒரு நாள் இதற்கெனப் போதும். கீல், தாழ்ப்பாள், அடிச்சட்டம், மக்கு, வலை, நீர்சொட்டும் காடி ஆகிய ஆறனையும் அன்று ஒருமுறை பார்த்தல் வேண்டும். கையில் ஒரு திருப்புளியும், ஒரு குத்தூசியும், சிறிது எண்ணெயும் இருந்தால் பெரும்பாலான குறைகள் அன்றே தீரும். அவ்வாறு பேணப்படும் சாளரம் நாள்தோறும் காற்றையும் ஒளியையும் உள்ளே விட்டு, மழையையும் கொசுவையும் வெளியே நிறுத்தும்.