கூரை இல்லாத 40 கோடி

லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் உள்ள பாட்டர்சீ மின்நிலையத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால், கால்கள் மேலே தெரியக் கவிழ்த்துப் போட்ட கட்டில் மாதிரி இருக்கும். நாலு கால்கள், நாலு வெள்ளைப் புகைபோக்கிகள். 1983 அக்டோபர் 31 அன்று அங்கே மின் உற்பத்தி நின்றது. 2022 அக்டோபர் 14 அன்று அதே கட்டடம் கடைவீதியாகவும் அலுவலகமாகவும் திறக்கப்பட்டது. இடையில் 39 ஆண்டுகள், நான்கு உரிமையாளர்கள். பழைய கட்டடத்தை வாங்கி, மாற்றிக் கட்டி, விற்றுப் பிழைக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்த 39 ஆண்டுப் பேரேட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் சரக்கு இருப்பு. செங்கல் சுமார் 60 லட்சம். 1929இல் தொடங்கிய வேலை இரண்டு கட்டமாக நடந்து, நாலாவது புகைபோக்கி எழும்பியபோது 1955 ஆகிவிட்டது. வெளித்தோற்றத்தை வடிவமைத்தவர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். லண்டனின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டும் அவர் கைவண்ணம்தான். உச்ச காலத்தில் லண்டனின் மின்தேவையில் ஐந்தில் ஒரு பங்கை இந்த ஒரு நிலையம் தந்தது. அதற்கு ஆண்டுக்கு 10 லட்சம் டன் நிலக்கரி எரிந்தது. 1980இல் அரசு இதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது. அன்றிலிருந்து உரிமையாளர் யாராக இருந்தாலும், இடித்துவிட்டு மனையாக விற்கும் வழி அடைபட்டது.

முதல் பற்று ஜான் புரூம் பெயரில். ஆல்டன் டவர்ஸ் என்ற பழைய மாளிகைத் தோட்டத்தைக் கேளிக்கைப் பூங்காவாக மாற்றிக் காசு பார்த்தவர். அதே வித்தையை இங்கும் காட்டலாம் என்று 1987இல் 15 லட்சம் பவுண்டுக்கு மின்நிலையத்தை வாங்கினார். மார்கரெட் தாட்சர் நேரில் வந்து வேலையைத் தொடங்கிவைத்தார். மதிப்பீடு 3.5 கோடி பவுண்டு. 1989 ஜனவரியில் அது 23 கோடியாக ஏறியது, அதாவது ஆறரை மடங்கு. மார்ச்சில் வேலை நின்றது.

நின்ற நேரம்தான் கொடுமை. உள்ளே இருந்த இயந்திரங்களை வெளியே எடுப்பதற்காகக் கூரையையும் மேற்குச் சுவரையும் கழற்றியிருந்தார்கள். திரும்பப் போடப் பணம் இல்லை. உள்ளே இருந்த இரும்புச் சட்டம் மழையில் நனைந்தது, அடித்தளத்தில் வெள்ளம் தேங்கியது. பழைய வீட்டைப் பழுதுபார்க்கும் எந்தக் கொத்தனாரும் மழைக்கு முன் ஓட்டைப் பிரிக்கமாட்டார். பிரித்தால் அன்றே தார்ப்பாய் போடுவார். லண்டனில் அந்தத் தார்ப்பாயைப் போட ஆளில்லை. 1990இல் ஆல்டன் டவர்ஸும் 6 கோடி பவுண்டுக்குக் கைமாறியது.

வங்கிகளுக்கு நிலுவையாக நின்ற கடன் 7 கோடி. 1993இல் ஹாங்காங்கின் பார்க்வியூ நிறுவனம் அந்தக் கடனை 1 கோடிக்கு வாங்கியது. ஒரு பவுண்டு கடனுக்கு 14 பென்ஸ். அதன் தலைவர் விக்டர் ஹ்வாங் 100 கோடிக்கு மேற்பட்ட திட்டங்களைப் போட்டார், படங்கள் வரைந்தார், அனுமதிகள் வாங்கினார். கூரை மட்டும் வரவில்லை. புகைபோக்கிகள் பழுது பார்க்கவே முடியாத நிலையில் இருக்கின்றன என்று ஒரு பொறியாளர் அறிக்கை சொன்னது, இல்லை என்று இன்னொன்று மறுத்தது. 2006இல் அவர் விற்ற விலை 40 கோடி பவுண்டு.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 13 ஆண்டில் 40 மடங்கு என்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ 33 சதவீதக் கூட்டு வட்டி. இடைச்செலவையும் வட்டியையும் கழிக்காத முரட்டுக் கணக்குதான். இருந்தாலும் அந்த 40 மடங்கில் கட்டடத்தின் பங்கு என்ன? கட்டடம் 1993இல் இருந்ததைவிட 2006இல் மோசமாகத்தான் இருந்தது. விலை ஏறியது லண்டன் மண்ணுக்கு.

வாங்கியது அயர்லாந்தின் டிரெஷரி ஹோல்டிங்ஸ் குழுமம், நடத்தியவர்கள் ரிச்சர்ட் பேரட், ஜானி ரோனன் இருவர். வாங்கிய இரண்டே ஆண்டில் 2008 நிதி நெருக்கடி வந்தது. அவர்களுக்குப் பேரேட்டில் ஒரே ஒரு நல்ல வரவு உண்டு: 2010இல் உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி, அதோடு சுரங்க ரயிலை இங்கே நீட்டும் திட்டம். மறு ஆண்டு வங்கிகள் 32 கோடிக்கு மேற்பட்ட கடனைத் திருப்பிக் கேட்டன. 2012இல் செல்சி கால்பந்துக் கழகம் இங்கே 60,000 இருக்கை அரங்கம் கட்ட விலை கேட்டுத் தோற்றது. வென்றது மலேசியக் கூட்டணி: எஸ்.பி. செட்டியா 40 சதவீதம், சைம் டார்பி 40, ஊழியர் சேமநிதி வாரியம் 20. கொடுத்த விலை அதே 40 கோடி.

நிலம் சுமார் 40 ஏக்கர். சதுர அடிக்கு ஏறத்தாழ 230 பவுண்டு வருகிறது. சென்னைக்காரருக்குப் புரியும்படி சொன்னால், ஒரு கிரவுண்டு ஐந்தரை லட்சம் பவுண்டு, கூரையில்லாத கட்டடம் இலவச இணைப்பு.

வேலை உண்மையில் அதன் பிறகுதான் நடந்தது. பழைய செங்கலை முதலில் செய்துகொடுத்த சூளைக்காரர்களிடமே போய் 17.5 லட்சம் புதுச் செங்கல் வாங்கினார்கள். பழைய இருப்போடு ஒப்பிட்டால் நூற்றுக்கு 29. நாலு புகைபோக்கிகளையும் 2014 முதல் 2017 வரை பிரித்து, பழைய முறையிலேயே கையால் கான்கிரீட் ஊற்றி எழுப்பினார்கள். ஏறத்தாழ 25,000 தள்ளுவண்டி கான்கிரீட் செலவானது. ஒன்றுக்குள் இன்று கண்ணாடி லிஃப்ட் ஓடுகிறது, 109 மீட்டர் உயரத்துக்கு. கட்டடத்துக்குள் 254 வீடுகள். 5 லட்சம் சதுர அடி அலுவலகத்தை ஆப்பிள் நிறுவனம் வாடகைக்கு எடுத்தது.

ஆனால் இதெல்லாம் கட்டுபடியானதற்குக் காரணம் செங்கல் அல்ல. ஒன்று, சுரங்க ரயில்: 2 புது நிலையங்கள், 110 கோடி பவுண்டு, 2021 செப்டம்பர் 20 அன்று ஓடத் தொடங்கியது. மற்றொன்று, சுற்றியுள்ள காலி மனை. மின்நிலையத்தைத் தொடும் முன்பே 2013இல் முதல் கட்டமாக 866 வீடுகளை வரைபடத்தில் வைத்தே விற்கத் தொடங்கினார்கள். மொத்தத் திட்டத்தின் மதிப்பு 900 கோடி.

இந்த வரவுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பற்று இருக்கிறது. 4,239 வீடுகளில் எளிய வருமானக்காரருக்கு 636 என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். 2017இல் செலவு கூடிவிட்டது என்று கேட்டு அதை 386 ஆகக் குறைத்துக்கொண்டார்கள். 15 சதவீதம் 9 ஆயிற்று. மீதி 250 வீடு பின்னால் லாபம் வந்தால் பார்க்கலாம் என்று தள்ளிப்போனது. செங்கலின் விலையை வீடில்லாதவன் தலையில் எழுதியதாகத்தான் நான் இதைப் படிக்கிறேன்.

ஆற்றின் அதே கரையில், அதே ஸ்காட் வடிவமைத்த பேங்க்சைட் மின்நிலையம் 1981இல் மூடப்பட்டு, 2000இல் டேட் மாடர்ன் கலைக்கூடமாகத் திறந்தது. செலவு 13.4 கோடி. சிறிய கட்டடம், பொதுப் பணமும் கிடைத்தது என்பது உண்மை. ஆனால் உள்ளே என்ன வரப்போகிறது என்று தெரிந்த பிறகே அங்கே உளியை எடுத்தார்கள்.

கடைசிப் பதிவு 2018. மின்நிலையக் கட்டடத்தை மட்டும் தனியாகப் பிரித்து ஏறத்தாழ 160 கோடி பவுண்டுக்கு விற்பதாக அறிவித்தார்கள். வாங்கியவை இரண்டு: மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல், ஊழியர் சேமநிதி வாரியம். பின்னது விற்றவர்களில் 20 சதவீதப் பங்காளி. முன்னது மற்ற இரண்டு விற்பனையாளர்களிலும் பெரும் பங்குதாரர். வலது பையிலிருந்து இடது பைக்குப் போன பணத்தை வைத்துச் சந்தை விலை என்று ஒன்றைச் சொல்ல என்னால் முடியாது.

மலேசியாவில் மாதச் சம்பளம் வாங்கும் தமிழர்களின் சம்பளத்திலும் 11 சதவீதம் அந்தச் சேமநிதிக்குப் போகிறது. அடுத்த ஆண்டறிக்கை வரும்போது, ஈவுத்தொகை எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்த்து மூடிவிடாமல், பாட்டர்சீ என்ற வரியையும் தேடிப் படியுங்கள்.