கண்ணாடியைத் துளைத்த சன்னம் எங்கிருந்து வந்தது?

சன்னம் துளைத்த யன்னல்களைப் பார்த்தவர்கள் எம்மில் பலர். உள்ளே சுவரில் பட்ட இடத்தையும் கண்ணாடித் துளையையும் கோடாக இணைத்து, "அந்த மூலையிலிருந்துதான் சுட்டிருக்கிறார்கள்" என்று சொல்வதும் எமக்குப் பழக்கம். ஆனால் அந்தக் கோட்டை அப்படியே நம்ப முடியாது.

1986 ஏப்ரலில் மியாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரு அதிகாரிகளை இழந்த பின்னர், அமெரிக்காவின் எவ்.பி.ஐ. சன்னங்களைத் தடைகளினூடாகச் சுட்டுச் சோதிக்கும் முறையொன்றை வகுத்தது. வாகன முன்கண்ணாடியைச் சரிவாக நிறுத்தி, அதன் பின்னால் மனிதத் தசைக்கு ஈடாக ஜெலற்றின் கட்டியை வைத்துச் சுடுவார்கள். சன்னத்துக்குக் கடினமான தடைகளில் கண்ணாடியும் ஒன்று. செப்பு உறை கிழிந்து ஈயத்திலிருந்து பிரியலாம். சன்னம் திசை மாறலாம். கண்ணாடித் துகள்களே உள்ளே இருப்பவரைக் காயப்படுத்தலாம்.

இச்சோதனைகள் கிட்டத்தில் செய்யப்படுபவை. தூரம் கூடினால் கணக்கு மாறும். ஏ.கே. 47 இன் சன்னம் குழலை விட்டு வெளியேறும்போது செக்கனுக்கு ஏறத்தாழ 715 மீற்றர் வேகத்தில் செல்லும். 300 மீற்றரைக் கடக்கையில் அது 500 இற்கும் கீழே இறங்கிவிடும். கிட்டத்தில் கண்ட விளைவை அங்கே அப்படியே பொருத்த முடியாது. கண்ணாடியில் ஒரேயொரு பாகை விலகினாலும், 10 மீற்றர் உள்ளே அது 17 சென்ரிமீற்றர் பிழையாகும். அதே பாகையை வெளியே 200 மீற்றருக்கு நீட்டினால் மூன்றரை மீற்றர் தள்ளிப்போகும். அடுத்த வீட்டைக் காட்டிவிட அது போதும்.

ஆனால் உடைந்த கண்ணாடி வேறு விடயங்களைத் தெளிவாகச் சொல்லும். சன்னம் வெளியேறிய பக்கத்தில் துளை கிண்ணம்போல அகன்றிருக்கும். எனவே உள்ளிருந்தா வெளியிலிருந்தா சுடப்பட்டது என்பதை அறியலாம். இரண்டாவது சூட்டின் வெடிப்புக் கோடுகள் முதலாவதன் கோடுகளை முட்டியதும் நின்றுவிடும். யார் முதலில் சுட்டார் என்ற வழக்கில் இதைவிடப் பெறுமதியான சாட்சி அரிது.

1963 இல் கென்னடி கொல்லப்பட்டபோது அவர் சென்ற காரின் முன்கண்ணாடியில் வெடிப்பு இருந்தது. முன்னாலிருந்தும் யாராவது சுட்டார்களா என்ற கேள்வி எழுந்தது. காரிலிருந்து கழற்றப்பட்ட கண்ணாடி வாரன் ஆணைக்குழுவின் விசாரணையிலேயே பரிசோதிக்கப்பட்டது. இரட்டைப் படைக் கண்ணாடியின் வெளிப்படையில் வெடிப்பு, உட்பக்கத்தில் ஈயத் தடம். அடி உள்ளிருந்தே பட்டது என எவ்.பி.ஐ. நிபுணர் சாட்சியமளித்தார். கண்ணாடி பத்திரமாக இருந்ததால்தான் அந்தக் கேள்வியையே கேட்க முடிந்தது.

எமது ஊர்களில் வீடு திரும்பியவர்கள் முதலில் செய்தது கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளியதுதான். பிள்ளைகள் நடக்கிற வீட்டில் வேறென்ன செய்வது? அதைக் குறை சொல்ல முடியாது.

இனியும் அப்படியொரு கண்ணாடி எஞ்சியிருந்தால், கழற்றுவதற்கு முன் இரு பக்கமும் படமெடுங்கள். பக்கத்தில் அளவுகோல் ஒன்றை வையுங்கள். எது உட்பக்கம், எது வெளிப்பக்கம் என்று கண்ணாடியிலேயே எழுதுங்கள். வாகனத்தின் பக்கக் கண்ணாடியானால் தாமதிக்க வேண்டாம். பெரும்பாலும் அது சிறு கட்டிகளாக உதிர்ந்துவிடும், துளையும் அதோடு போய்விடும்.