பனி விற்ற மலை
(திரமுந்தானாவில் ஒரு நடை – 3)

சென்ற வாரம் சோயெரில் நிறுத்தியிருந்தோம். ஆரஞ்சுத் தோட்டங்கள், பால்மா நகருக்கு 1912 முதல் ஓடிக்கொண்டிருக்கும் மரப்பெட்டி ரயில், சதுக்கத்தின் நடுவே ஊர்ந்து போகும் டிராம் என்று அந்த ஊர் நடக்க வந்தவர்களைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கும். ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் தப்பில்லை. ஆனால் மயோர்க்காத் தீவின் திரமுந்தானா மலைத்தொடரைப் பார்க்க வேண்டுமென்றால் விடிந்ததும் கிளம்பிக் கிழக்கே நடக்க வேண்டும். இதுவரை கடலைப் பார்த்தபடி நடந்தோம். இனி கடல் முதுகுக்குப் பின்னால்.

அரை மணி நேரத்தில் பினியராய்ஷ் என்ற சிற்றூர் வருகிறது. ஊர்ப்பெண்கள் துணி துவைத்த பழைய கல்தொட்டியைத் தாண்டியதும் படிகள் தொடங்குகின்றன. மலை இடுக்கின் அடியிலிருந்து லோஃப்ரே கணவாய் வரை கிட்டத்தட்ட 800 மீட்டர் உயரம் ஏற வேண்டும். அதில் பெரும்பகுதி கல் பாவிய படிப்பாதை. கோவேறு கழுதையின் நடைக்குத் தக்கபடி ஒவ்வொரு படியும் அகலமாகவும் தாழ்வாகவும் இருக்கிறது. மழைநீர் பாதையை அரித்துவிடாதபடி ஆங்காங்கே குறுக்கே சாய்வாகக் கல் பதித்து, நீரை ஓரத்துக்குத் திருப்பி விட்டிருக்கிறார்கள். யூக் மடாலயத்துக்குப் போகும் பக்தர்களும், ஆலிவ் பறிக்கப் போகும் கூலியாட்களும் நூற்றாண்டுக் கணக்கில் ஏறிய வழி இது.

இருபுறமும் மலைச்சரிவு முழுக்க அடுக்கடுக்காக நிலம், அதில் முறுக்கிய தண்டுடன் ஆலிவ் மரங்கள். அடுக்குகளைத் தாங்கி நிற்கும் சுவர்களில் சாந்தும் இல்லை, சிமென்ட்டும் இல்லை. சுவரின் முகத்தில் பெரிய கற்கள், பின்னால் நிரப்பிய சிறு கற்கள், மலைப்பக்கமாகக் கொஞ்சம் சாய்வு, அவ்வளவுதான். மழை பெய்தால் நீர் இடுக்குகள் வழியே வடிந்துவிடும். சாந்து வைத்துக் கட்டியிருந்தால் பின்னால் தேங்கும் நீரின் பாரமே சுவரை வெளியே தள்ளிவிட்டிருக்கும். இந்தச் சுவரைக் கட்டுகிறவருக்கு மயோர்க்காவில் மார்ஜெர் என்று பெயர். நாம் நடக்கும் நெடும்பாதைக்கும் 'ஈரமில்லாக் கல்லின் வழி' என்ற பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். வரைபடத்தில் அதன் எண் ஜி.ஆர்.221.

சுவருக்குப் பெருமை வந்தது ரொம்பப் பின்னால். 1960களில் வடக்கு ஐரோப்பாவிலிருந்து விமானம் விமானமாக விடுமுறைக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கடற்கரையில் ஓட்டல்கள் எழுந்தன. மலையில் ஆலிவ் பறித்துக்கொண்டிருந்த வீட்டுப் பிள்ளைகள் கீழே இறங்கி ஓட்டல் வேலைக்குப் போனார்கள். கவனிக்க ஆளில்லாத சுவர் முதலில் புடைக்கும், பிறகு ஒரு கல் விழும், அடுத்த பெருமழையில் அடுக்கே சரியும். மார்ஜெர் தொழில் கிழவர்களோடு போய்விடும் என்ற நிலை வந்த பிறகு, 1980களில்தான் இளைஞர்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்கப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். 2011இல் யுனெஸ்கோ இந்த மலைத்தொடரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இயற்கை அழகுக்காக அல்ல, மனிதர் கைபட்டு உருவான நிலக்காட்சி என்ற வகையில். 2018இல், சாந்தில்லாமல் கல்லடுக்கும் கலையும் ஸ்பெயின், கிரீஸ், இத்தாலி உட்பட எட்டு நாடுகளின் பெயரில் யுனெஸ்கோவின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. இன்று தீவில் இரவு தங்கும் பயணிகள் ஒரு சிறு வரி கட்டுகிறார்கள். 2016இல் வந்த அந்த வரியின் நோக்கங்களில் பாரம்பரியப் பாதுகாப்பும் ஒன்று. எந்தச் சுற்றுலா மலையை அநாதையாக்கியதோ, அதன் காசில்தான் மலைக்கு மராமத்து நடக்கிறது. இதை முரண் என்று சொல்வதைவிடக் கடனைத் திருப்பிக் கட்டுவது என்று சொல்வேன். இன்னும் நிறையப் பாக்கி இருக்கிறது.

கணவாயைத் தாண்டினால் கூபெர் ஏரி. ஏரி என்று சொன்னாலும் பால்மாவுக்குக் குடிநீர் தர 1970களில் கட்டிய நீர்த்தேக்கம் அது. எதிரே தீவின் மிக உயர்ந்த சிகரமான புச் மஜோர், உச்சியில் ராணுவ ராடார் கோளத்துடன் நிற்கிறது. அங்கே ஏற அனுமதியில்லை. அதனால் மயோர்க்காக்காரர்கள் 'மலை ஏறினேன்' என்று சொன்னால் பெரும்பாலும் அடுத்த இடத்தில் இருக்கும் மசனெயாவைத்தான் சொல்கிறார்கள். அதன் உயரம் 1,360 மீட்டருக்குச் சற்று மேல்.

இரவு தங்க தொசால்ஸ் வெர்ட்ஸ் விடுதி. தீவு நிர்வாகம் நடத்தும் மலைவிடுதிகளில் இதற்குக் கால்நடையாக மட்டுமே வர முடியும். பெட்டியை ஊர் ஊராக டாக்சியில் அனுப்பிவிட்டுக் கைவீசி நடக்கும் ஏற்பாட்டைப் பயண நிறுவனங்கள் விற்கின்றன. அந்த ஏற்பாடு இங்கே செல்லாது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். மாற்று உடை ஒன்று, மழைச்சட்டை, தண்ணீர் இவற்றைத் தூக்க முடியாதவர் இந்த மலைக்கு வராமலே இருக்கலாம். கூடத்தில் அடுக்குக் கட்டில்கள், நீளமான பொது மேசையில் சாப்பாடு. சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். தக்காளியை அழுத்தித் தேய்த்து ஆலிவ் எண்ணெய் ஊற்றிய ரொட்டி தீவெங்கும் கிடைக்கிறது. கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, குடைமிளகாயை வறுத்து அடுக்கித் தக்காளிச் சாறு ஊற்றும் தும்பெட் என்ற பதார்த்தமும் உண்டு.

மறுநாள் பாதைதான் இந்த வாரம் நான் சொல்ல வந்தது. விடுதியிலிருந்து மேலேறினால் பிராத் ஊற்று, அதிலிருந்து மலையை ஒட்டி ஓடும் குறுகிய கல் நீர்க்கால். 18ஆம் நூற்றாண்டில் வெட்டியது. படித்த நிபுணர்கள் முடியாது என்று கைவிட்ட பிறகு பன்றி மேய்ப்பவர் ஒருவர் சரிவு பார்த்துக் கட்டி முடித்தார் என்று தீவில் சொல்கிறார்கள். அதற்கும் மேலே, 1,200 மீட்டர் உயரத்தில், கணவாயைச் சுற்றித் தரையில் பெரிய பெரிய பள்ளங்கள். உள்பக்கம் கல் கட்டிய, கூரை போன நீள்வடிவக் குழிகள். இவைதான் பனி வீடுகள்.

மத்தியதரைக்கடலில், ஆலிவ் விளையும் தீவில் பனி வியாபாரமா என்று கேட்கத் தோன்றும். குளிர்காலத்தில் இந்த உயரத்தில் பனி விழும், ஆனால் தங்காது. அதனால் விழுந்தவுடன் கீழ் ஊர்களிலிருந்து ஆட்கள் ஏறி வந்து, கூடைகளில் அள்ளிக் குழியில் கொட்டி, வரிசையாக நின்று மிதித்துக் கெட்டிப்படுத்தினார்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் இடையே காரித்ஸ் என்ற முரட்டு மலைப்புல்லைப் பரப்பினார்கள். பின்னாளில் பாளம் பாளமாகப் பிரித்தெடுக்க அது உதவும். குழி நிறைந்ததும் மேலே புல்லும் தழையும் போட்டு மூடிவிடுவார்கள். கோடையில், வெயில் இறங்கிய பிறகு, பாளங்களை வெட்டிக் கோவேறு கழுதைகளில் ஏற்றி இரவோடு இரவாக இறக்க வேண்டும். வழியில் ஓய்ந்தால் சரக்கு சொட்டிப் போய்விடும். பால்மாவில் அது காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் மருந்தானது, பணக்காரர் வீட்டில் குளிர்பானமும் ஐஸ்கிரீமும் ஆனது. அதற்கு விலைக் கட்டுப்பாடும் வரியும்கூட இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐஸ் தொழிற்சாலை வந்தது, பனிக்காரர் தொழில் முடிந்தது.

ஆனால் அவர்கள் போட்ட பாதை இருக்கிறது. கலிலேயு பனி வீட்டிலிருந்து கீழே இறங்கும் வளைவுப்பாதையில் இன்று கைத்தடி ஊன்றி, இரண்டாயிரம் ரூபாய் காலுறை போட்டுக்கொண்டு நாம் இறங்குகிறோம். பாரம் ஏற்றிய மிருகம் இருட்டில் கால் வழுக்காமல் இறங்க வேண்டும் என்று கணக்குப் போட்ட வளைவுகள் அவை. பகலில் நம் முழங்கால் நோகாததற்குக் காரணம் அந்தக் கணக்குதான். 'வழிகாட்டி இல்லாத தனி நடை' என்று விளம்பரத்தில் எழுதுகிறார்கள். வழிகாட்டி இல்லை என்பது உண்மை. தனி நடை என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கீழே கருவாலிக் காடு. மரங்களுக்கிடையே பாசி படிந்த வட்ட மேடுகளைக் கண்டால் அங்கே கரி சுட்டிருக்கிறார்கள் என்று அறியலாம். குடும்பத்தோடு காட்டில் தங்கி, மூட்டத்தை இரவும் பகலும் காவல் காத்தவர்கள். சமையல் எரிவாயு சிலிண்டர் வந்து அவர்களையும் வீட்டுக்கு அனுப்பியது.

பக்கத்து மலையிடுக்குகளில் இன்னொரு பழைய குடி இருக்கிறது. ஃபெர்ரெரெட் என்ற சிறு தேரை, நாலு சென்டிமீட்டர் நீளம்கூடத் தேறாது. 1977இல் புதைபடிவமாகத்தான் விஞ்ஞானிகளுக்கு அறிமுகமானது. அழிந்துபோன இனம் என்று எழுதி மை காய்வதற்குள் உயிரோடு கிடைத்தது. முட்டைச் சரத்தைப் பின்கால்களில் சுற்றிக்கொண்டு திரிவது ஆண். மலைக்குட்டையைக் கண்டதும் காலை நனைக்கத் தோன்றும், தயவுசெய்து வேண்டாம். தேரைகளைக் கொல்லும் பூஞ்சைநோய் இங்கும் வந்தது. குட்டைகளை வற்றவைத்து, கிருமிநாசினி அடித்து, தலைப்பிரட்டைகளுக்கு மருந்து கொடுத்துத்தான் அதை விரட்டினார்கள்.

மாலையில் யூக் மடாலயத்தின் மணியோசை கேட்கும். அங்கே தங்க அறை கிடைக்கும். 16ஆம் நூற்றாண்டிலிருந்து பாடிவரும் நீல அங்கிச் சிறுவர் குழுவைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஏப்ரல், மே, அக்டோபர் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் வேண்டாம், ஊற்றுகளை நம்ப முடியாது. மலைவிடுதிப் படுக்கையை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், வார இறுதிகளில் சீக்கிரம் நிறைந்துவிடும். இந்த மலையின் பெரும்பகுதி தனியார் நிலம், வழிவிடுவது பற்றிய வழக்குகளும் சச்சரவுகளும் இன்னும் ஓயவில்லை. நீங்கள் திறந்த கதவைச் சாத்திவிட்டுப் போங்கள், ஆடுகள் வெளியேறினால் பழி நடப்பவர் மேல்தான் விழும். குறுக்குவழி என்று அடுக்குச் சுவரில் ஏறாதீர்கள். ஒரு கல் பெயர்ந்தால் அதைச் சரியாகத் திருப்பி வைக்கத் தெரிந்தவர்கள் இன்று தீவில் கொஞ்சம் பேர்தான்.