மதிப்பு தெரிந்தும் ஏமாறுவது ஏன்?



2010ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சள் விலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. 'இந்த விலை தாங்காது' என்று என் மனம் சொல்லிற்று. ஆனால் பக்கத்து மண்டிக்காரர் வாங்கினார். நானும் வாங்கிக் கிடங்கில் அடுக்கினேன். 2012இல் விலை விழுந்தபோது போட்ட முதலில் பாதிக்கு மேல் போய்விட்டது.

விவரம் போதாமல் நட்டப்பட்டேன் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அது தவறு என்பதை அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை எனக்கு உணர்த்தியது.

வெர்னான் ஸ்மித் என்னும் பொருளாதார அறிஞரும் இரு துணை ஆய்வாளர்களும் அதன் முடிவுகளை 1988இல் வெளியிட்டனர். மாணவர்களைக் கம்ப்யூட்டர்கள் முன் அமர்த்தி, கையில் கொஞ்சம் பணமும் சில பங்குகளும் கொடுத்து, தங்களுக்குள் வாங்கி விற்கச் செய்தார்கள். பங்குகள்தாம் கற்பனை, ஆட்டத்தில் ஈட்டியதை ரொக்கமாகவே தந்தார்கள்.

மொத்தம் 15 சுற்றுகள். சுற்றுக்கொரு முறை, பங்கு ஒன்றுக்கு 0, 8, 28, 60 சென்ட் இவற்றுள் ஏதேனும் ஒன்று ஈவுத்தொகையாக விழும். சராசரி 24 சென்ட். ஆக, தொடக்கத்தில் பங்கின் மதிப்பு 3 டாலர் 60 சென்ட். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அதில் 24 சென்ட் குறையும். கடைசியில் ஒன்றுமில்லை. இந்தக் கணக்கை எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

நடந்தது என்ன? புதியவர்கள் கூடிய பெரும்பாலான சந்தைகளில் விலை மதிப்பைத் தாண்டி ஏறியது. முடியும் தறுவாயில் மடமடவெனச் சரிந்தது. மதிப்பைக் கணக்கிடும் விவரம் எல்லோர் கையிலும் இருந்தது. 'நமக்கு மேல் விலை கொடுத்து வாங்க இன்னொருவன் வருவான்' என்று எண்ணிப் பலர் வாங்கியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். நான் மஞ்சள் வாங்கியதும் அப்படித்தானே!

அதே ஆட்களை மீண்டும் ஆட வைத்தபோது ஏற்றம் தணிந்தது. மூன்றாம் முறை விலை மதிப்பை ஒட்டியே நின்றது. பட்ட பிறகே புத்தி வந்தது. இத்தகைய சோதனை முறைகளை வகுத்தமைக்காக ஸ்மித்துக்கு 2002இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

ஆட்டத்தில் மூன்று முறை தோற்கலாம்; கடையில் ஒரு முறை தோற்றாலே முதல் போய்விடும். ஆகவே, ஏறுமுகத்தில் சரக்கு எடுக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: 'இந்த விலைக்கு என் வாடிக்கையாளர் சமையலுக்கு வாங்குவாரா, அல்லது இன்னொரு வியாபாரிதான் வாங்க வேண்டுமா?' பின்னதே விடையானால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

நாம் பட்ட நட்டத்தைப் பிள்ளைகளிடம் மறைக்கவும் வேண்டாம். கணக்கோடு சொல்லிவைப்போம். அவர்களும் பணம் கட்டியா இதைப் படிக்க வேண்டும்?