பணியகத்தில் ஒலியும் அமைதியும்

கண்ணுக்கு இமை உண்டு. செவிக்கு இமை இல்லை. காண விரும்பாததைக் காணாதிருக்க மனிதன் கண்களை மூடிக்கொள்ளலாம். கேட்க விரும்பாததைக் கேளாதிருப்பதற்கோ இயற்கை அவனுக்கு அத்தகைய வழி எதனையும் அமைத்திலது. பலர் ஓரறையிற் கூடியிருந்து மனத்தாற் செய்யும் தொழில்கள் பெருகிய இக்காலத்தில் இக்குறை பெரிதும் உணரப்படுகின்றது. கணக்குப் பதிவிற் பிழைவிட்ட எழுதுவினைஞரைக் கவனமற்றவரென்று மேலதிகாரி கடிந்துகொள்வதுண்டு. குற்றம் அவரிடத்ததோ, அவர் அமர்ந்திருக்கும் அறையினிடத்ததோ என்று ஆராய்வார் சிலரே. அறையும் விசாரணைக்குரியதே என்பதை ஒலியியல் காட்டுகின்றது.

ஓர் அறையில் எழும் ஒலி, செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் வேகத்தில் எத்திசையும் பரவுகின்றது. அது சுவரையும் கூரையையும் தரையையும் தாக்கித் தெறித்து, மீண்டும் மீண்டும் அறையினுள்ளே அலைகின்றது. சாந்து பூசிய சுவர், கொங்கிறீற்று, கண்ணாடி ஆகியன தம்மீது விழும் ஒலிச்சத்தியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கினை மாத்திரமே உறிஞ்சவல்லன. எஞ்சியதெல்லாம் அறைக்கே மீள்கின்றது. மலைச்சாரலிற் கூவினால் தனித்துக் கேட்பது எதிரொலி. அறையில் எண்ணிறந்த தெறிப்புக்கள் ஒன்றோடொன்று கலந்து, மூலவொலி நின்றபின்னும் நீடிப்பதே எதிர்முழக்கம் எனப்படுவது. முன்சொல்லின் முழக்கம் அடங்குமுன் பின்சொல் வந்து விழுவதாற் பேச்சுக் குழம்புகின்றது. குழம்பவே, பேசுவோர் குரலை உயர்த்துகின்றனர். ஒருவர் உயர்த்த, அயலவரும் உயர்த்துகின்றனர். இவ்வாறு இரைச்சல் இரைச்சலை வளர்க்கின்றது.

இத்துறைக்கு அளவும் கணக்கும் வகுத்தவர் அமெரிக்க நாட்டு ஹாவாட் பல்கலைக்கழகத்துப் பௌதிக ஆசிரியரான வாலஸ் கிளெமன்ற் சபைன் என்பார். அப்பல்கலைக்கழகத்திற் புதிதாகக் கட்டப்பெற்ற ஒரு விரிவுரை மண்டபத்திற் பேசுவது விளங்காமற் போகவே, அதனைத் திருத்தும் பொறுப்பு 1895ஆம் ஆண்டில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கலாநிதிப் பட்டம் பெறாத இளம் ஆசிரியர் அவர். அவர் கையாண்ட கருவிகளும் எளியனவே: ஓர் ஓகன் குழல், காலத்தைக் குறிக்கும் ஒரு பொறி, தம் செவி. வீதியோசை அடங்கிய நள்ளிரவுகளில், அயலிலிருந்த நாடகசாலையின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து மண்டபத்திற் சிறிது சிறிதாகப் பரப்பி, ஒவ்வொரு முறையும் ஒலி அடங்கும் காலத்தை அளந்தார். வெறுமண்டபத்தில் ஏறக்குறைய ஐந்தரைச் செக்கன் நீடித்த முழக்கம், மெத்தைகள் நிறைந்தபோது ஒரு செக்கனுக்குச் சற்று மேலாகக் குறைந்தது. விடிவதற்குள் மெத்தைகளை மீண்டும் அவ்வவ்விடத்திற் சேர்ப்பதும் அவ்வேலையின் ஒரு பகுதியாயிற்று. 1898இல் இவ்வளவீடுகளினூடே அவர் ஒரு விதியைக் கண்டார். 1900இல் திறக்கப்பெற்ற பொஸ்டன் இசைமண்டபம் அவ்விதியைத் துணைக்கொண்டு அமைக்கப்பட்டதாகும்.

அவ்விதி பின்வருமாறு: ஒலிச்சத்தி பத்திலட்சத்தில் ஒரு பங்காகக் குறைவதற்கு வேண்டிய காலம், அறையின் கனவளவைக் கனமீற்றரிற் கொண்டு 0.16ஆற் பெருக்கி, அறையின் மொத்த உறிஞ்சலால் வகுக்க வருவதாகும். உறிஞ்சலை அளக்கச் சபைன் தெரிந்த அலகு திறந்த யன்னல். அதன்வழிச் சென்ற ஒலி மீளாதாதலின், அதன் உறிஞ்சற் குணகம் 1. ஏனைய பொருள்கள் இதனோடு ஒப்பிடப்படும்.

எடுத்துக்காட்டாக, 12 மீற்றர் நீளமும் 8 மீற்றர் அகலமும் 3 மீற்றர் உயரமும் கொண்ட வெற்றறை ஒன்றைக் கொள்வோமாயின், அதன் கனவளவு 288 கனமீற்றர். உட்பரப்பு 312 சதுரமீற்றர். எல்லாப் பரப்பும் 0.03 குணகமுடைய சாந்தாயின், உறிஞ்சல் ஏறக்குறைய 9.4, முழக்கக் காலமோ 4.9 செக்கன். கூரைப்பரப்பாகிய 96 சதுரமீற்றரை மாத்திரம் 0.8 குணகமுடைய நுண்டுளைப் பலகைகளால் மூடினால், உறிஞ்சல் 83 ஆக உயரும், காலம் 0.55 செக்கனாகக் குறையும். அறையெங்கும் பரந்து நிற்கும் இரைச்சலும் 9 தெசிபெல் வரை தாழும். தளபாடங்களும் மனிதரும் தாமும் ஓரளவு உறிஞ்சுவதால், உண்மை அறையில் இவ்வேற்றுமை இத்துணைப் பெரிதாகாது. எனினும், செலவிடுவதாயின் முதலிற் கூரைக்கே செலவிடுக என்பது இக்கணக்கினாற் பெறப்படும்.

ஈண்டு ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். உறிஞ்சுதல் வேறு, தடுத்தல் வேறு. பஞ்சும் கம்பளமும் அறையினுள் எழுந்த ஒலியை அடக்கும். அடுத்த அறையிலிருந்து வரும் ஒலியைத் தடுக்கமாட்டா. தடுப்பதற்கு வேண்டியது பாரம். ஒற்றைச் சுவரின் பாரம் இருமடங்கானால் தடுப்பு ஏறத்தாழ 6 தெசிபெல் மிகும். பாரத்தினும் முதன்மையானது இடைவெளியின்மை. 40 தெசிபெல் தடுக்கும் சுவரினூடே செல்வது பதினாயிரத்தில் ஒரு பங்கே. அச்சுவரில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருப்பின், அத்திறப்பின்வழி நூற்றில் ஒரு பங்கு ஒலி செல்லும். தடுப்பு 20 தெசிபெலாக வீழும். கதவின் கீழ் வெளியை விட்டுவிட்டுச் சுவரைத் தடிப்பாக்குவோர் பொருளை வீணாக்குவோரே.

இனி, சுவரே இல்லாத பணியகத்தின் நிலை யாது? 1950களின் பிற்பகுதியில் ஜேர்மனியிற் சினெல்லே சகோதரர்கள் அறைத்தடுப்புக்களை நீக்கி, விரிப்பும் செடிகளும் இட்ட பெருங்கூடங்களில் அலுவலர்களைத் தொகுதி தொகுதியாக அமர்த்தும் முறையை வகுத்தனர். கருத்தும் செய்தியும் தடையின்றிப் பரவவேண்டும் என்பது அவர் நோக்கம். பின்னர் உலகெங்கும் பரவிய திறந்த பணியகங்களில் அந்நோக்கினும் இடச்சிக்கனமே பலவிடத்தும் மேலோங்கியது. தட்டெழுத்துப் பொறிகள் மறைந்தன. அவற்றின் ஓசையும் மறைந்தது. எஞ்சி நிற்பது மனிதப் பேச்சு. வேலைக்குப் பேரிடையூறாவதும் அதுவே.

1976இல் கொல்லே, வெல்ஷ் என்னும் ஆய்வாளர் இருவர், எழுத்துக்களைப் பார்த்து வரிசையாக நினைவிற் கொள்ளுமாறு சிலரைப் பணித்து, அவ்வேளையில் அவர்கள் அறியாத ஜேர்மன் மொழிப் பேச்சொன்றை ஒலிக்கச் செய்தனர். பொருள் விளங்காத அப்பேச்சும் நினைவைக் குலைத்துப் பிழைகளை மிகுவித்தது. இடைவிடாது ஒரே தன்மையாய் ஒலிக்கும் மின்விசிறியின் ஓசையை மனம் விரைவிற் புறக்கணித்துவிடும். கணந்தோறும் மாறும் குரலை அவ்வாறு புறக்கணித்தல் அரிது. கேட்பவர் விரும்பிச் செவிசாய்க்கிறார் என்று பழித்தல் ஆகாது. விலக்க முயல்பவரையும் அது பற்றிக்கொள்கின்றது.

இதனின்றும் வியப்புக்குரிய ஒரு முடிவு பெறப்படுகின்றது. பின்னணி ஓசை முற்றும் அடங்கிய கூடத்தில், தொலைவிலுள்ளவரின் மெல்லிய பேச்சும் தெளிவாய்க் கேட்கும். ஆகவே மிகையான அமைதியும் ஒருவகை இடையூறே. சில பணியகங்களில் மெல்லிய சீரான ஓசை ஒன்றை வேண்டுமென்றே பரப்பி அயற்பேச்சை மறைப்பது இதுபற்றியேயாம். அவ்வோசை அளவு கடப்பின், மருந்தே நோயாகும். 2012இல் வெளியான பன்னாட்டு நியமம் ஒன்று, பேச்சுத் தெளிவின் சுட்டெண் 0.50இற்குக் கீழ் இறங்கும் தூரத்தைக் கொண்டு திறந்த பணியகங்களை மதிப்பிடுகின்றது. இரைச்சல் எவ்வளவு என்பதோடு, பேச்சு எவ்வளவு தூரம் விளங்குகின்றது என்பதும் வினாவாயிற்று.

எனவே, கூரை உறிஞ்சவேண்டும். மேசைகளிடையே தலையளவுக்கு உயர்ந்த திரைகள் நேரே செல்லும் ஒலியைத் தடுக்கவேண்டும். எஞ்சியதைச் சீரான ஓசை மறைக்கவேண்டும். இம்மூன்றும் ஒருங்கே அமையாவிடிற் பயன் குறையும். கூரை கடினமாயின், திரையைக் கடந்து ஒலி மேலே தெறித்து வந்துவிடும். இவற்றோடு, தொலைபேசி உரையாடலுக்கும் ஆழ்ந்த வேலைக்கும் தனியறைகள் வேண்டும். திறந்த முறைக்கு மாறிய இரண்டு நிறுவனங்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வொன்றில், அலுவலர் நேரிற் பேசிக்கொள்வது ஏறக்குறைய நூற்றுக்கு 70 குறைந்தமை காணப்பட்டது. பேச்சைப் பெருக்க நீக்கிய சுவர், பேச்சையே குறைத்துவிட்டது.

இவ்வுண்மைகள் பணியகத்தோடு நின்றுவிடுவன அல்ல. அரைச்சுவர் கொண்ட நீண்ட மண்டபத்தில், மறைப்புத் தட்டிகளுக்கு இருபுறமும் வகுப்புக்கள் நடைபெறுவதை இலங்கைப் பாடசாலைகள் பலவற்றிற் காணலாம். திறந்த பக்கங்கள் சபைனின் யன்னல்போல் முழக்கத்தைக் குறைக்கின்றன. அயல்வகுப்பு ஆசிரியரின் குரலையோ தங்குதடையின்றி அனுமதிக்கின்றன. 2002இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட நியமம், சாதாரண வகுப்பறையின் முழக்கக் காலம் 0.6 செக்கனுக்கு மேற்படலாகாது என்றும், ஆளில்லாதபோது அங்குள்ள ஓசை 35 தெசிபெலைக் கடத்தலாகாது என்றும் கூறுகின்றது. தகரக்கூரைமீது மழை பொழியும்போது அந்நிலையை எய்துதல் இயலாதென்பது தெளிவு. எனினும், தட்டியின் மேலுள்ள வெளியை அடைத்தல், பேரோசை எழும் பாடங்களை அருகருகே வையாது நேரசூசி வகுத்தல், கதிரைக் கால்களுக்கு இறப்பர் இடுதல் ஆகியன சிறு செலவில் ஆகக்கூடியன. பின்வரிசை மாணவனை மந்தன் என்று தீர்மானிக்குமுன், ஆசிரியர் ஒருநாள் அவனது ஆசனத்தில் அமர்ந்து, அங்கே எது கேட்கின்றது என்று செவிகொடுத்துப் பார்ப்பது நன்று.